ரோசாப்பூ துரையும் காந்தியின் கடிதமும்

காந்தி எழுதிய ஒரு கடிதத்தோடு எனக்குப் பல வருஷமாக வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 1924 ஏப்ரல் 6 தேதியிட்ட கடிதம். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்புக்கு எழுதியது. திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்த நேரம். வைக்கத்தில் அந்த வேலையை இந்துக்களிடமே விட்டுவிடுங்கள், தங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான். நீங்கள் அனுதாபத்தாலும் பேனாவாலும் உதவலாம், இயக்கத்தை முன்நின்று நடத்துவதோ சத்தியாக்கிரகத்தில் இறங்குவதோ வேண்டாம் என்பது அதன் சாரம். மரியாதையான கடிதம், ஒரு வார்த்தைகூடக் கடுமையில்லை. அதனாலேயே அதைத் தூக்கி ஓரமாகப் போட முடியவில்லை. ஒரு நாள் படித்தால் காந்தி சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றும். இன்னொரு நாள் படித்தால், ஒரு வக்கீலைப் பார்த்து இப்படி எழுத எப்படி மனசு வந்தது என்று தோன்றும்.

ஜோசப்பைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதுகிறவர்கள் வழக்கறிஞர், பத்திரிகையாசிரியர், மத்திய சட்டசபை உறுப்பினர் என்று வரிசை போடுவார்கள். கடைசியில் வரும் அந்தப் பதவி அவரிடம் எட்டு மாதம்கூட இல்லை. 1937 ஜூலையில் ஜெயித்தார், 1938 மார்ச் 5 அன்று ஐம்பது வயதில் இறந்துபோனார். பதவியை வைத்து ஒருவரின் வாழ்க்கையை அளக்கிற நம் பழக்கத்துக்கு இவர் சரிப்பட மாட்டார். ஆனால் அந்தச் சின்னப் பதவிக்கும் மேலே சொன்ன கடிதத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நாளாயிற்று.

நடுவில் ஒன்று. என் அலுவலகத்தில் இருந்த ஜூனியர் ஒருவன், கெட்டிக்காரன், ஒரு குடியிருப்பு மக்களின் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். "என்னப்பா?" என்றேன். "சார், அவங்க சனத்துலயே வக்கீல் இருக்காங்கல்ல சார்? நாம போயி நின்னா பேரு வாங்கப் பாக்குறாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றான். சோம்பலில் கேட்கவில்லை. நிஜமான கூச்சம். இந்தக் காலத்துப் பையன்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கிறது, இருப்பது நல்லதும்கூட. அடுத்தவன் வலியைத் தன் மேடையாக்கிக்கொண்ட ஆட்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். இருந்தாலும், அவன் வாயிலிருந்து வந்தது காந்தியின் கடிதம்தான். அனுதாபமும் பேனாவும் போதும், முன்னால் நிற்க வேண்டாம். அன்றைக்குப் பிறகுதான் ஜோசப்பின் கதையை முன்னும் பின்னுமாகத் திரும்பப் படிக்க ஆரம்பித்தேன்.

செங்கன்னூரிலிருந்து மதுரைக்கு

1887இல் திருவிதாங்கூரின் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, எடின்பரோவில் தத்துவம், லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம். பத்திரிகை உலகில் பெரிய பெயரான போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. 1909இல் ஊர் திரும்பி, சென்னையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மதுரைக்கு வந்து தொழிலைத் தொடங்கினார். மலையாளி, கிறிஸ்தவர், கோட்டு சூட்டு போட்ட லண்டன் பாரிஸ்டர். மதுரைக்கு மூன்று விதத்திலும் அசலூர்க்காரர்.

அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கம் சூடாக இருந்த காலத்தில், இங்கிலாந்துக்குப் போய்ச் சுயாட்சிக்காகப் பேசச் சிலரை அனுப்பினார்கள். ஜோசப்பும் ஒருவர். 1918இல் கப்பல் ஜிப்ரால்டரை எட்டியதும் பிரிட்டிஷ் அரசு அவர்களை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. அதே குழுவில் இன்னொரு தமிழ்நாட்டு வக்கீலும் இருந்தார், சேலம் பி.வி. நரசிம்ம ஐயர். சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தவர். 1921இல் தன் குழந்தைகள் இருவரைக் கிணற்றுக்குப் பறிகொடுத்துவிட்டு, வக்கீல் தொழிலையும் அரசியலையும் உதறித் துறவியானார். ரமணரிடம் போய், கடைசியில் ஷீரடி சாய்பாபா பக்தியைத் தென்னாட்டில் பரப்பி, மயிலாப்பூரில் சாய் சமாஜத்தை நிறுவிய நரசிம்மசுவாமி அவர்தான். ஒரே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு வக்கீல்கள் இப்படி இரண்டு திசையில் போனார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

மதுரையில் ஹார்வி மில் தொழிலாளர்களுக்கு 1918இல் சங்கம் கட்டியதில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவோடு ஜோசப்பின் கையும் இருந்தது. கூலி கொஞ்சம் உயர்ந்தது, வேலை நேரம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் ஆலை நிர்வாகமும் அரசும் சேர்ந்து சங்கத்தை ஒடுக்கிவிட்டன. மில் தொழிலாளியாக இல்லாத இவர் ஏன் சங்கம் கட்டினார் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் மில்காரர்கள்தான் கேட்டிருப்பார்கள்.

ரேகைச் சட்டம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஜோசப்பை மதுரை இன்னும் நினைவில் வைத்திருப்பது இதற்காகத்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நாமெல்லாம் பேசுகிறோம். அது ஒரு வக்கீலுக்கு என்ன மாதிரிச் சட்டமாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறவர்கள் குறைவு. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பிரிவு பிரிவாகப் படித்தால் கை ஓய்ந்துபோகும். மாகாண அரசு ஒரு சாதியையோ கூட்டத்தையோ குற்றப் பரம்பரை என்று கெஜட்டில் அறிவித்துவிட்டால் போதும், அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. அதைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அதாவது, ஆணிவேரில் கைவைக்கிற வழக்கைப் போடவே முடியாது. பிராது எழுதுகிறவனுக்கு முதல் பக்கமே கிடையாது.

மிச்சம் இருப்பதெல்லாம் சில்லறை வழக்குகள். ஆண்களின் பத்து விரலையும் மையில் உருட்டி ரேகை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதனால்தான் அந்த வட்டாரத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர். பதிவானவன் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். ராத்திரி வீட்டில் மனைவி மக்களோடு தூங்காமல் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டியிருந்ததை உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களில் இன்றைக்கும் சொல்வார்கள். ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் அடுத்த ஊர்ச் சந்தையில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். திருடப் போகிறவன் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றும்படியான சூழ்நிலையில் அகப்பட்டாலே மூன்று வருஷம் வரை தண்டனை. திருடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குற்றம் என்பது ஆள் செய்கிற காரியம் என்ற பாலபாடத்தையே இந்தச் சட்டம் தலைகீழாக்கிவிட்டது. பிறந்ததே முதல் குற்றம்.

இதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு விசாரணைக் கமிஷனும் நாடு முழுக்கக் கண்டனமும் இருந்தன. பெருங்காமநல்லூருக்கு மதுரையில் இருந்த ஒருசில வக்கீல்கள்தான் இருந்தார்கள். அதில் முன்னால் நின்றவர் ஜோசப். பிடிபட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், சட்டத்தைக் கண்டித்துப் பத்திரிகைகளில் எழுதினார், மேலிடத்துக்கு மனு மேல் மனுவாகப் போட்டார். கள்ளர், மறவர் சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்றே கூப்பிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பேர் வைத்தார்கள், பையன்களுக்கும்கூட. யானைக்கல்லில் அவர் சிலை நிற்கிறது. இன்றைக்கும் நினைவு நாளில் அவர் கல்லறைக்கு மாலையோடு போவது அவருடைய சாதிக்காரர்களோ மதத்துக்காரர்களோ அல்ல, கள்ளர் சமுதாயத்து ஆட்கள்.

நீதிமன்றத்தில் ஒரு வசதி இருக்கிறது, இதை நான் தொழில் பெருமையாகச் சொல்லவில்லை. வக்கீல் எழுந்து நின்றால், நீ யார், உன் சாதி என்ன, இவனுக்காகப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று நீதிபதி கேட்பதில்லை. வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். யோக்கியதையை முடிவு செய்கிறவர் கட்சிக்காரர். பதிவேட்டில் வலுக்கட்டாயமாக ரேகை உருட்டப்பட்ட அதே விரல், வக்காலத்தில் தானாகப் பதியும்போது, "இந்த ஆள் எனக்காகப் பேசட்டும்" என்று சொல்கிறது. ஜோசப்புக்கு மதுரையில் கிடைத்த உரிமை இது ஒன்றுதான், அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நான்கு தெருக்கள்

வைக்கம் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகவே போகிறேன். ஒத்துழையாமை இயக்கத்தில் ஜோசப் நல்ல வருமானம் வந்த தொழிலை விட்டார். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் இண்டிபெண்டெண்ட் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து ராஜத்துரோக வழக்கில் உள்ளே போனார். லக்னோ சிறையில் ஜவஹர்லால் நேரு, மகாதேவ் தேசாய், தேவதாஸ் காந்தி எல்லாரும் கூட இருந்தார்கள். வெளியே வந்ததும், காந்தி சிறையிலிருந்த சமயம், அவருடைய யங் இந்தியாவையே 1923இல் ராஜாஜிக்குப் பிறகு நடத்தினார். காந்தி தன் பத்திரிகையை நம்பி விட்ட ஆள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1924 மார்ச் 30 அன்று புலையரான குஞ்ஞப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர் மூன்று பேரும் சேர்ந்து வைக்கம் கோயில் தெருவில் நடக்கப் போய்க் கைதானார்கள். சில நாளில், போராட்டத்தை முன்நின்று நடத்திய டி.கே. மாதவனும் கே.பி. கேசவ மேனனும் கைதானார்கள். தலைமை ஜோசப்பிடம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம். ஜோசப் நின்றுவிடவில்லை. ஏப்ரலிலேயே கைதாகி ஆறு மாதம் சிறையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சேர்ந்தார். அங்கே இலவசச் சமையல்கூடம் நடத்திய சீக்கிய அகாலிகளையும் காந்தி மூடச் சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காந்திக்கு ஜோசப் மேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை, இது அவருடைய கொள்கை.

காந்தி பக்கத்து வாதத்தை நியாயமாக வைத்துப் பார்க்கிறேன். தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், அதைக் கழுவ வேண்டியவர்கள் அவர்களே. 1920 நாக்பூர் காங்கிரஸ் தீர்மானமும் இந்து உறுப்பினர்களைத்தான் அழைத்தது. ஒரு கிறிஸ்தவர் தலைமை தாங்கினால் வைதிகர்கள் இதை மிஷனரி சதி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இன்னொன்றை காந்தி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். புலையரிலிருந்து கிறிஸ்தவரானவர்களைச் சிரியன் கிறிஸ்தவர்களே தங்களுக்குச் சமமாக உட்காரவைக்கவில்லை. ஜோசப்பின் சொந்த வீட்டு வாசலிலும் அழுக்கு இருந்தது. இதெல்லாம் சேர்ந்து பலமான வாதம்தான். அரசியல் உத்தியாகப் பார்த்தால் காந்தியை நான் ஜெயிக்க முடியாது.

ஆனால் வழக்கு எதைப் பற்றியது? கோயிலுக்குள் போவது பற்றி அல்ல. கோயிலைச் சுற்றிய பொதுத் தெருக்கள். அரசாங்கப் பணத்தில் போட்ட தெரு. கிறிஸ்தவரும் முஸ்லிமும் அதில் தாராளமாக நடக்கலாம், ஈழவரும் புலையரும்தான் நடக்கக் கூடாது. அப்படியானால் ஜோசப் அந்தத் தெருவில் அந்நியர் இல்லை. செங்கன்னூர்க்காரரான அவர் அதே திருவிதாங்கூரின் குடி. தான் நடக்கலாம், பக்கத்தில் வரும் நண்பன் நடக்கக் கூடாது என்ற சலுகையை அனுபவித்துக்கொண்டிருந்தவர். அந்தச் சலுகை வேண்டாம் என்று சொல்ல அவரைவிடப் பாத்தியதை உள்ளவர் யார்? ஜோசப் இதைக் குடியுரிமைப் பிரச்சினையாகப் பார்த்தார், காந்தி இதை ஆன்மாவின் பிரச்சினையாகப் பார்த்தார். ஆன்மா பிரச்சினை என்றால் வெளியாள் வாய் திறக்கக் கூடாதுதான். தெருப் பிரச்சினை என்றால் வெளியாள் என்று ஒருவரும் கிடையாது.

அதைவிட வேடிக்கை, அடுத்த வருஷம் நடந்தது. 1925 மார்ச்சில் காந்தியே வைக்கம் வந்தார். வைதிகர்களின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியோடு பேசப் போனார். காந்தி வைசியர் என்பதால் வீட்டுக்குள் விடவில்லை, வெளியே தனியாக ஏற்பாடு செய்த மண்டபத்தில் உட்காரவைத்துத்தான் பேசினார்கள். இந்துக்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஜோசப்பை ஒதுங்கச் சொன்னவருக்கே திண்ணைதான் கிடைத்தது. உள்ளாள் யார், வெளியாள் யார் என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை நம்பூதிரி கையிலேயே கொடுத்து வைத்திருந்தால் வேறென்ன கிடைக்கும்? 1925 கடைசியில் மூன்று தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு அடைபட்டே இருந்தது.

எனக்கு இந்தக் கடிதத்தில் உறுத்துவது கடைசியில் இதுதான். கட்சிக்காரரை யாரும் கேட்கவில்லை. ஜோசப் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் குஞ்ஞப்பி. சொல்ல வேண்டியவர் மாதவன். ஒரு மாகாணத்துக்கு அப்பாலிருந்து காந்தி சொன்னது, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவரைக் கேட்காமலே வக்கீலை மாற்றச் சொன்ன மாதிரிதான். என் ஜூனியரிடமும் நான் சொன்னது அவ்வளவுதான்: "அவங்க உன்னக் கேட்டாங்களா? கேட்டாங்கன்னா அவங்களுக்குத் தெரியாத உன் சாதி ஒன்னும் உனக்குத் தெரியாது, போ." வாய்தாவுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கிளம்பிவிட்டான். ஒத்துக்கொண்டானா என்று அப்புறம் நான் கேட்கவில்லை.

எட்டு மாதப் பதவி

வைக்கத்துக்குப் பிறகு ஜோசப்புக்கும் காங்கிரஸுக்கும் இடையில் விரிசல் கூடிக்கொண்டே போனது. காந்தியின் வழிமுறைகளை வெளிப்படையாகவே விமர்சித்தார், கட்சியிலிருந்து விலகினார், திரும்பவும் கறுப்புக் கவுனுக்கு வந்தார். அந்தக் காலத்தில் விருதுநகர்க் குண்டு வழக்கில் போலீஸ் ஒரு இளம் காங்கிரஸ்காரரைச் சிக்கவைத்தது. ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் அவருக்காக ஆஜரானார்கள், வழக்கு நிற்கவில்லை. காமராஜர் வெளியே வந்தார். கட்சியோடு உறவு விட்டுப்போயிருந்த நேரத்தில் கட்சித் தொண்டனுக்காக நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இவருக்கு அதுதான் இயல்பு.

1935இல் காங்கிரஸுக்குத் திரும்பினார். 1937இல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி மூன்றும் சேர்ந்த தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று மத்திய சட்டசபைக்குப் போனார். அந்தத் தொகுதியின் அரசாங்கப் பெயரைப் பாருங்கள்: முகமதியர் அல்லாதார், கிராமப்புறம். பெரும்பாலும் இந்துக்கள் வாக்களிக்கிற தொகுதி. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு என்பதால், ரேகை வைத்த கள்ளர் குடும்பங்களில் அநேகருக்கு அந்த வாக்குக்கூட இருந்திருக்காது. இருந்தாலும் தெற்கே மூன்று மாவட்டத்து இந்து வாக்காளர்கள் ஒரு சிரியன் கிறிஸ்தவரைத் தங்களுக்காகப் பேச டெல்லிக்கு அனுப்பினார்கள். இந்துக்கள் வேலையை இந்துக்களே பார்க்கட்டும் என்று 1924இல் எழுதியவரின் கட்சிதான் அவரை நிறுத்தியது. அவர்கள் யாரும் இதை அந்தக் கடிதத்துக்குப் பதிலாக நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு அது பதிலாகத்தான் தெரிகிறது.

சபை என்று பெரிதாக ஒன்றுமில்லை. காங்கிரஸ் தரப்புக்கு பூலாபாய் தேசாய் தலைவர், சத்தியமூர்த்தி அரசாங்கத்தைக் கேள்வியால் துளைத்தார், காப்பீட்டு மசோதா மாதிரியான நீளமான சட்டங்கள் அந்தக் கூட்டத்தொடர்களில் ஓடின. சபை தோற்கடித்த நிதி மசோதாவை வைஸ்ராய் தன் சான்றிதழால் செல்லுபடியாக்கிவிடலாம். நீதிமன்றம் கேட்கக் கூடாது என்ற சட்டத்தோடு மல்லுக்கட்டிய வக்கீல், உறுப்பினர்கள் வாக்குக்குக் கடைசி வார்த்தை இல்லாத சபையில் போய் உட்கார்ந்தார். சிறுநீரகம் கெட்டு, மதுரை அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் இறந்தபோது, சென்னையில் ராஜாஜியின் காங்கிரஸ் ஆட்சி. ரேகைச் சட்டம் அப்போதும் இருந்தது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டவர்கள் அதைத் தொடர்ந்து எதிர்த்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அது ரத்தானது.

ரத்தான அடுத்த வருஷமே, 1948இல், பழக்கக் குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. கூட்டத்தின் பேர் போய்த் தனி ஆளின் பேர் ஏறியது, பதிவேடு இருந்தது. பழைய பட்டியலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சீர்மரபினர் என்று எந்தச் சான்றிதழ் வாங்குவது என்பதற்கே அலைந்தார்கள். 2019இல் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ் தரலாம் என அரசாணை போட்டார்கள், ஒன்றே தா என்ற போராட்டம் அதற்குப் பிறகும் நடந்தது. இந்த மனுக்களை எழுதிக்கொடுக்கும் வக்கீல்களில் அந்தச் சமுதாயத்துக்காரர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. மனுக் கொண்டுவருகிறவர்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, அடுத்த வாய்தா எப்போது என்றுதான் கேட்கிறார்கள்.